பின் அச்சில் கிடைக்கும் பிக்கப்: கிரவுன்–பினியன் மாற்றும் வேலை

காருக்குப் பிக்கப் போதவில்லை என்று தோன்றியதும் பெரும்பாலானோர் கை வைப்பது என்ஜினில்தான். காம் ஷாஃப்டை மாற்றுவார்கள், சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பெரிய குழாய் போடுவார்கள். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் விசை என்ஜினோடு முடிந்துவிடுவதில்லை. கியர்பாக்ஸில் ஒரு முறை பெருகுகிறது. பின் அச்சில் பினியனும் கிரவுனும் பல்லோடு பல் சேரும் இடத்தில் இன்னொரு முறை பெருகுகிறது. இந்த இரண்டாவது பெருக்கத்தை 20 சதவீதம் கூட்டினால், எந்தக் கியரில் ஓடினாலும், என்ஜின் அதே சுற்றில் இருக்கும்போது சக்கரத்துக்குப் போகும் திருகுவிசையும் 20 சதவீதம் கூடும். என்ஜினின் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

இதற்குக் கொடுக்கும் விலையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கார் புதிதாகக் குதிரைத்திறன் எதையும் பெறுவதில்லை. சாலையில் அதே வேகத்தில் போக என்ஜின் முன்னைவிட 20 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் சத்தம் கூடும், எரிபொருள் கூடும். எவ்வளவு இழுவைக்காக எவ்வளவு நிம்மதியை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் முதல் பாதி. மீதிப் பாதி, கிரவுனையும் பினியனையும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாக உட்கார வைப்பது. முதல் பாதியில் தவறினால் கார் ஓட்டச் சலிப்பாக இருக்கும். இரண்டாவதில் தவறினால் அச்சே போய்விடும்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன்: 1990 முதல் 1993 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு மஸ்டாங் 5.0, ஐந்து கியர் மேனுவல். அதன் பின் அச்சை 8.8 என்பார்கள், கிரவுன் வீலின் விட்டம் 8.8 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். உலகத்தில் அதிகம் பேர் விகிதம் மாற்றிய அச்சுகளில் இது ஒன்று. உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும், அளவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. இதைப் புரிந்துகொண்டவர் வேறு எந்தப் பின்சக்கர இழுவைக் காரின் அச்சையும் அச்சமில்லாமல் திறக்கலாம்.

இந்தக் காரின் வி8 என்ஜின் 4,200 சுற்றில் 225 குதிரைத்திறனும், 3,200 சுற்றில் சுமார் 407 நியூட்டன் மீட்டர் திருகுவிசையும் தரும் என்று நிறுவனம் சொன்னது (1993இல் குதிரைத்திறன் எண்ணை 205 ஆகக் குறைத்து எழுதியது, திருகுவிசை எண்ணையும் குறைத்தது). இத்தனை இழுவையுள்ள என்ஜினுக்கு நிறுவனம் போட்ட அச்சு விகிதம் 2.73, கூடுதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்கு 3.08. ஏன் இவ்வளவு சிறிய எண்? காரணம் காருக்குள் இல்லை, அமெரிக்காவின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல் என்று நாடு முழுக்கக் கட்டுப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜுக்கு வரம்பு வந்தது. எண்ணெயை அதிகம் குடிக்கும் காருக்குத் தனி வரியும் வந்தது. சோதனையில் நல்ல மைலேஜ் காட்ட எளிய வழி என்ஜினை மெதுவாகச் சுற்றவிடுவது. அதனால்தான் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றின் பின் அச்சில் உரிமையாளர் எடுத்துக்கொள்ளும்படி பிக்கப் மிச்சமாகக் கிடந்தது.

எந்த விகிதம்?

விகிதம் என்பது கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்து வரும் எண். 8.8 அச்சில் 3.08 என்றால் கிரவுனில் 40 பல், பினியனில் 13. 3.55 என்றால் 39க்கு 11. 3.73 என்றால் 41க்கு 11. 4.10 என்றால் 41க்கு 10. இந்த ஜோடிகளில் இரண்டு எண்களுக்கும் பொதுவான வகுத்தி இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் சுற்றிச் சுற்றி வந்து கிரவுனின் எல்லாப் பற்களையும் தொடும். தேய்மானம் சமமாக விழும். வெட்டியவர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது.

அச்சுக்குள் இன்னொரு கூட்டமும் இருக்கிறது: வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் சிறிய ஸ்பைடர் கியர்கள். டிஃபரென்ஷியல் என்று சரியாகச் சொல்லப்படுவது அதுதான். பிக்கப்புக்காக நாம் மாற்றுவது அதை அல்ல, அதைச் சுமந்து சுற்றும் கிரவுனையும் அதை ஓட்டும் பினியனையும். இரண்டையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசித் தேய்த்துப் பொருத்தப்பட்டவை அவை. ஒரு ஜோடியின் பினியனை இன்னொரு ஜோடியின் கிரவுனோடு சேர்த்தால் எவ்வளவு கவனமாகக் கோர்த்தாலும் ஊளையிடும்.

இப்போது கணக்கு. 225/60 ஆர்15 அளவு டயர், காரின் எடையோடு உருளும்போது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 833 முறை சுற்றும். இதை அச்சு விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் என்ஜின் சுற்று வரும். ஐந்தாவது கியர் 0.68. அப்படியானால் 2.73 அச்சில் என்ஜின் 1,550 சுற்றில் ஓடும், 3.08இல் 1,745, 3.55இல் 2,010, 3.73இல் 2,110, 4.10இல் 2,320. இந்த வி8க்கு 2,110 சுற்று ஒன்றும் பாரமில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஐந்தாவது கியர் உண்மையில் பயன்படத் தொடங்குவதே அப்போதுதான். சின்ன மேட்டுக்கும் நான்காவதுக்கு இறங்க வேண்டிய தேவை போய்விடும்.

ஆனால் அதே 3.73ஐ, ஓவர்டிரைவ் இல்லாத மூன்று கியர் ஆட்டோமேட்டிக் காரில் போட்டால் என்ன ஆகும்? மேல் கியர் 1.00 என்பதால் 100 கி.மீ. வேகத்தில் என்ஜின் 3,100 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் ஓட்டுநர் களைத்துவிடுவார். ஆகவே நண்பர் காரில் நன்றாக இருந்தது என்பதற்காக விகிதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் மேல் கியரின் எண், உங்கள் டயர், நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இழுவைக்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. அதில் பலர் எதிர்பார்க்காத ஒன்று தெரியவரும். முதல் கியர் 3.35. 407ஐ 3.35ஆலும் 3.08ஆலும் பெருக்கினால் சக்கரத்தில் சுமார் 4,200 நியூட்டன் மீட்டர். 3.73இல் சுமார் 5,090. 21 சதவீதம் கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கார் 1,450 கிலோ அளவுக்கு எடையுள்ளது, அதில் பின் அச்சில் விழுவது 600 கிலோதான். புறப்படும்போது எடை பின்னால் சாய்வதைச் சேர்த்துக்கொண்டாலும், பழைய 3.08 அச்சே முதல் கியரில் தரும் விசையில் ஏறத்தாழ பாதியைத்தான் சாதாரண டயர் சாலையில் பிடித்துத் தள்ளும். மீதி புகையாகிறது. ஆகவே முதல் கியரில், முழு ஆக்சிலேட்டரில், புதிய விகிதத்தால் பெரிய லாபம் இல்லை. லாபம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கியரில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு லாரியை முந்தும்போதுதான் இந்த வேலையின் பலன் தெரியும். தரையைப் பிடிக்காத டயரை வைத்துக்கொண்டு 4.10 கேட்பவருக்கு என் பதில்: அந்தப் பணத்தில் முதலில் டயர் வாங்குங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த என்ஜினை 5,500 சுற்றில் கியர் மாற்றினால், 3.08 அச்சோடு இரண்டாவது கியர் (1.99) சுமார் 108 கி.மீ. வரை போகும். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. தொட ஒரே ஒரு கியர் மாற்றம் போதும். 3.73 போட்டால் இரண்டாவது கியர் 89 கி.மீ.யிலேயே முடிந்துவிடும், மூன்றாவதுக்குப் போயே ஆக வேண்டும். அந்த ஒரு கியர் மாற்றத்தில் போகும் நேரம், கூடிய இழுவையில் கிடைத்ததில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பத்திரிகைகள் அச்சிடும் 0–100 கணக்கில் எதிர்பார்த்த அளவு முன்னேற்றம் வராததற்கு இது ஒரு காரணம். அதைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம், அந்த எண் சாலையில் ஓட்டும் அனுபவத்தை அளக்கவில்லை.

கால் மைல் ஓட்டப் பந்தயக்காரர்கள் வேறு திசையிலிருந்து கணக்குப் போடுவார்கள்: முடிவுக் கோட்டைக் கடக்கும்போது என்ஜின் எங்கே இருக்கிறது? 402 மீட்டர் முடிவில் கார் 158 கி.மீ. வேகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.08 அச்சில் அது மூன்றாவது கியரில் 5,400 சுற்று. சக்தியின் உச்சியான 4,200ஐ விட்டு வெகுதூரம் போய் மூச்சு வாங்கும் இடம். 3.73இல் நான்காவது கியரில் 4,900. 4.10இல் அதே நான்காவதில் மறுபடியும் 5,400. மேல் சுற்றில் மூச்சு விடாத, நிறுவனம் கொடுத்தபடியே இருக்கும் என்ஜினுக்கு 4.10 லாபமில்லை. சிலிண்டர் ஹெட்டும் காம் ஷாஃப்டும் மாற்றி 6,000 சுற்றுக்கு மேல் சக்தி கொடுக்கும் என்ஜினுக்குத்தான் அது பொருந்தும்.

என் தீர்ப்பு: தினமும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போகிறவருக்கு 3.55. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுகிறவருக்கு 3.73. அதற்கு மேல் பந்தயத் தடத்துக்கு. பிற்காலத்தில் ஃபோர்டே 2012 பாஸ் 302 மஸ்டாங்கில் 3.73ஐ வழக்கமான அச்சாகப் போட்டது. 3.08 இருக்கும் காரில் 3.27 போடுவது வீண். 6 சதவீதத்துக்காக அச்சை முழுக்கத் திறப்பதில் அர்த்தமில்லை. இருப்பதிலிருந்து 15 சதவீதமாவது கூடினால்தான் உடம்பு உணரும்.

பின்சக்கர இழுவை அல்லாத கார்களைப் பற்றிச் சுருக்கமாக. முன்சக்கரக் கார்களில் இறுதிப் பல்சக்கரம் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. விகிதத்தை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கிப் பிளக்க வேண்டும். அது வேறு வேலை, வேறு கூலி. நான்கு சக்கர இழுவை ஜீப்புகளில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர்-வீலில் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். டானா 44 போன்ற அச்சுகளில் இன்னொரு சிக்கல்: கிரவுனைத் தாங்கும் கேரியர் 3.73 வரை ஒன்று, 3.92 முதல் வேறு. விகிதம் அந்த எல்லையைத் தாண்டினால் கேரியரையும் வாங்க வேண்டியிருக்கும். 8.8இல் இந்தத் தொல்லை இல்லை.

கழற்றுதல்

முதலில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். அச்சின் பின்மூடிப் போல்ட் ஒன்றில் சிறிய தகடு தொங்கும். அதில் 3எல்08 என்பது போல் இருந்தால் விகிதம் 3.08, நடுவிலுள்ள எல் எழுத்து, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகை என்பதைக் குறிக்கும். முப்பது வயதுக் காரில் தகட்டை நம்பக் கூடாது. இதற்குள் யாராவது மாற்றியிருக்கலாம். லிமிட்டெட் ஸ்லிப் என்றால் இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் ஒரு சிறு துண்டு வந்தால் 3.08, மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் ஏற்கெனவே 3.73. மூடியைத் திறந்து பற்களை எண்ணினால் சந்தேகமே இல்லை.

காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இந்த அச்சில் எண்ணெய் வடிக்கும் அடைப்பான் கிடையாது. மூடியின் பத்துப் போல்ட்டுகளையும் தளர்த்தி, அடிப்பக்கம் இடைவெளி விட்டால் எண்ணெய் இறங்கும். உள்ளே ஸ்பைடர் கியர்களைத் தாங்கும் குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டுப் போல்ட்டைக் கழற்றுவதில் பொறுமை தேவை. அது முறிவதற்குப் பேர்போனது. முறிந்தால் அரை நாள் போய்விடும். நேராகச் சாவி உட்கார வைத்து, சூடு காட்டி, மெல்லத் திருப்புங்கள். கோர்க்கும்போது புதுப் போல்ட்டுதான் போட வேண்டும். குறுக்குப் பின் வெளியே வந்ததும் ஆக்சிலை உள்ளே தள்ளினால் அதன் முனையிலுள்ள சி வளையம் விழும், ஆக்சிலை உருவிவிடலாம். குறுக்குப் பின் வெளியே இருக்கும்போது கேரியரைச் சுற்றாதீர்கள், ஸ்பைடர் கியர்கள் நழுவிவிடும். உருவிய ஆக்சிலில் பேரிங் ஓடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இந்த அச்சில் பேரிங் உருளைகள் நேராக ஆக்சிலின் மேலேயே ஓடுகின்றன. பள்ளம் விழுந்திருந்தால் ஆக்சில் போய்விட்டது என்று பொருள்.

கேரியரைப் பிடித்திருக்கும் இரண்டு பேரிங் கேப்பும் ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் மாறவோ தலைகீழாகவோ கூடாது. கழற்றும் முன் சென்டர் பஞ்சால் அடையாளம் தட்டுங்கள். இரு பக்கத்து ஷிம்களையும் (இடைவெளியை நிரப்பும் தகடுகள்) தனித்தனியாக, இடது வலது என்று எழுதி வையுங்கள். கோர்க்கும்போது உங்கள் தொடக்கப் புள்ளி அவைதான். பிறகு புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, பினியன் நட்டை எடுத்து, பினியனைப் பின்னால் தட்டி எடுங்கள். அதோடு வரும் நசுங்கும் ஸ்லீவ் குப்பைக்கு. ஒரு முறை நசுங்கியது மறுபடி பயன்படாது.

கோர்த்தல்

ஒரு நாள் முழுக்க இதற்கென்று ஒதுக்குங்கள். கடைகளில் வாங்கிய கூலிக்கு ஏற்ற வேகத்தில் முடித்துத் தருவதால்தான், விகிதம் மாற்றினாலே அச்சு ஊளையிடும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. சரியாகக் கோர்த்த கிரவுன்–பினியன் ஊளையிடாது.

நான்கு விஷயம் சரியாக வர வேண்டும்: பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே நிற்கிறது, பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கம், பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எவ்வளவு ஆட்டம், கேரியர் பேரிங் எவ்வளவு இறுக்கம். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதனால் ஒரே முறையில் முடியும் என்று எண்ணாதீர்கள்; கோர்த்துப் பார்த்து, பிரித்து, ஷிம் மாற்றி, மறுபடி கோர்ப்பதுதான் முறை.

கிரவுனைக் கேரியரில் ஏற்றும் முன் இரண்டின் முகத்தையும் மெல்லிய அரத்தால் தடவிப் பிசிறு நீக்குங்கள். மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் கிரவுன் கோணலாக உட்காரும். பத்துப் போல்ட்டுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, பூட்டுத் திரவம் இட்டு, 95 முதல் 115 நியூட்டன் மீட்டர் வரை கொண்டு வாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அச்சுகள் பலவற்றில் கிரவுன் போல்ட்டுகள் இடது மரை. அதை அறியாமல் முறித்தவர்கள் ஏராளம். 8.8இல் வழக்கமான வலது மரைதான்.

பினியனின் ஆழத்தைத் தீர்மானிப்பது அதன் தலைக்கும் உள்பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஷிம். பழைய பினியனில் இருந்த ஷிம்மின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கனத்தில் தொடங்குங்கள். பெரும்பாலும் இறுதி அளவு அதற்கு மிக அருகில்தான் வரும். ஒவ்வொரு முறையும் புதுப் பேரிங்கை அழுத்தி ஏற்றி இறக்கினால் அது கெடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பழைய பேரிங் ஒன்றின் உள்வளையத்தைத் தேய்த்துக் கையாலேயே ஏறி இறங்கும்படி வைத்திருப்பார்கள். ஆழம் முடிவாகும் வரை அதைப் பயன்படுத்துங்கள். நசுங்கும் ஸ்லீவையும் அதுவரை போட வேண்டாம்.

பிறகு கேரியரை ஷிம்களோடு உள்ளே தட்டி ஏற்றி, கேப்புகளை முறுக்கி, டயல் கேஜை ஹவுசிங்கில் பொருத்தி, அதன் முனையைக் கிரவுன் பல்லின் மேல் செங்குத்தாக வையுங்கள். பினியனை அசையாமல் பிடித்துக் கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினால் முள் காட்டுவதுதான் பேக்லாஷ். ஃபோர்டு அனுமதிப்பது 0.20 முதல் 0.38 மில்லிமீட்டர். தெருக் காருக்கு 0.20க்கும் 0.30க்கும் இடையில் கொண்டுவர முயலுங்கள். கிரவுனைச் சுற்றி நான்கு இடத்தில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் 0.10க்கு மேல் வேறுபட்டால் கிரவுன் கோணல், கழற்றி முகத்தை மறுபடி பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் ஒரு பக்கத்து ஷிம்மைக் குறைத்து, அதே அளவை மறு பக்கத்தில் கூட்டி, கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்துங்கள். இரு பக்கத்துக் கனமும் சேர்ந்த மொத்தம் மாறக் கூடாது. கேரியர் பேரிங்கின் இறுக்கம் அந்த மொத்தத்தில்தான் இருக்கிறது. 0.10 மி.மீ. ஷிம் இடம் மாறினால் பேக்லாஷ் சுமார் 0.07 மாறும்.

இனி இந்த வேலையின் உயிரான இடம். ஜோடியோடு வரும் மஞ்சள் பசையைக் கிரவுனின் நாலைந்து பற்களில், இரு பக்கமும், மெல்லப் பூசுங்கள். ஒருவர் கிரவுனைத் துணியால் இறுக்கிப் பிடித்து எதிர்ப்புக் கொடுக்க, மற்றவர் பினியனை இரு திசையிலும் சுற்ற வேண்டும். பினியன் தொட்ட இடத்தில் பசை விலகித் தடம் தெரியும். அந்தத் தடம் பல்லின் உயரத்தில் நடுவே இருக்க வேண்டும். உச்சியையோ அடியையோ தொட்டு அறுந்து நிற்கக் கூடாது. தடம் பல்லின் அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே வந்துவிட்டது: மெல்லிய ஷிம் போடுங்கள். உச்சிப்பக்கம் ஏறியிருந்தால் பினியன் போதுமான அளவு உள்ளே வரவில்லை: கனமான ஷிம். தடம் கிரவுனின் உள்விளிம்பை நோக்கியோ வெளிவிளிம்பை நோக்கியோ நகர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பேக்லாஷின் வேலை. ஆட்டத்தைக் குறைத்தால் தடம் உள்விளிம்புப் பக்கம் வரும். முதலில் ஆழத்தைச் சரி செய்யுங்கள், பிறகு ஆட்டத்தை. வரிசை மாறினால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பீர்கள். இழுக்கும் பக்கத்துத் தடமும் திரும்பும் பக்கத்துத் தடமும் அச்சடித்தது போல ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை அழகாக்கி மற்றதை ஓரத்துக்குத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம் முடிவானதும் புதுப் பேரிங், புது சீல், புது நசுங்கும் ஸ்லீவ், புது நட்டு. இந்த நட்டை முறுக்கப் பெரிய நெம்புகோல் வேண்டும். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கும் வரை கல்லைப் போல் நிற்கும், தொடங்கிய பிறகு இறுக்கம் சட்டென்று ஏறும். சிறிது முறுக்கி, பினியனைக் கையால் பல முறை சுற்றி, சிறிய அளவுகள் காட்டும் டார்க் ரெஞ்சால் அது சுற்ற எவ்வளவு விசை கேட்கிறது என்று பாருங்கள். புதுப் பேரிங்குக்கு 1.8 முதல் 3.3 நியூட்டன் மீட்டர். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யும் வழி இல்லை; வேறு புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். முன்னெச்சரிக்கையாக இரண்டு ஸ்லீவ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாம் முறுக்கிய நிலையில் பேக்லாஷையும் தடத்தையும் இன்னொரு முறை பாருங்கள்.

லிமிட்டெட் ஸ்லிப் அச்சின் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால் மாற்ற இதைவிட நல்ல நேரம் வராது. மூடிய பின் ஊற்ற வேண்டிய ஹைப்பாய்ட் கியர் எண்ணெய் சுமார் 1.8 லிட்டர். அதோடு லிமிட்டெட் ஸ்லிப்புக்கான உராய்வு திருத்தி 118 மி.லி. சேர்க்க மறந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்பக்கம் நடுங்கிக் கொடகொடக்கும்.

ஸ்பீடோமீட்டர்

இந்தக் காரில் வேகம் அளக்கும் கேபிள் கியர்பாக்ஸின் வால்பக்கத்திலிருந்து ஓடுகிறது. அச்சு விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 3.08இலிருந்து 3.73க்குப் போனால் உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 121 காட்டும். ஓடிய தூரமும் அதே வீதத்தில் கூடுதலாகப் பதிவாகும். தீர்வு மலிவானது: கேபிளின் முனையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றுவது. கியர்பாக்ஸுக்குள் ஓட்டும் பல்சக்கரத்தில் 7 பல் இருந்தால், 2 மீட்டர் உருளும் டயருக்கு 3.08 அச்சுக்கு 17 பல், 3.55க்கு 20, 3.73க்கு 21, 4.10க்கு 23. ஓட்டும் பக்கம் 8 பல் இருக்கும் கியர்பாக்ஸ்களும் உண்டு. எண்ணிப் பார்த்த பிறகு வாங்குங்கள். இன்றைய கார்களில் இந்த வேலையைக் கணினியில் விகிதத்தை மாற்றி எழுதிச் செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும் இடங்களும் அதையே நம்பியிருக்கின்றன. அதைச் செய்யாமல் காரை வெளியே எடுக்கக் கூடாது.

முதல் 800 கிலோமீட்டர்

புதுப் பற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும்போது கடுமையாகச் சூடேறும். முதல் ஓட்டம் 15 அல்லது 20 நிமிடம், மிதமான வேகத்தில். பிறகு நிறுத்தி, அச்சு கைதொடும் அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். இதை ஓரிரு முறை செய்த பிறகு வழக்கமான ஓட்டத்துக்கு வரலாம், ஆனால் 800 கி.மீ. வரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், டிரெய்லர் இழுக்க வேண்டாம். இந்த நாட்களில் காதைத் தீட்டி வையுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வரும் ஊளை, இழுக்கும் பக்கத்துத் தடம் சரியில்லை என்கிறது; காலை எடுத்ததும் வரும் ஊளை, திரும்பும் பக்கத்தைக் குறிக்கிறது. காலை வைத்தாலும் எடுத்தாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறும் உறுமல் பெரும்பாலும் பேரிங். ஓடஓடச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தவறாகக் கோர்த்த பல் ஓடஓடத் தேயும், சரியாகாது.

800 கி.மீ.யில் மூடியைத் திறந்து எண்ணெயை மாற்றுங்கள். பழைய எண்ணெயில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு இருந்தால் அது பழகிய தேய்மானம், கவலை வேண்டாம். விரல்களுக்கிடையே தேய்க்கும்போது உறுத்தும் துணுக்கு அகப்பட்டால் காரை அங்கேயே நிறுத்தி, அச்சைத் திறந்து, தடத்தை மறுபடி எடுங்கள்.